குற்ற நினைவும் மைத்திரியும்

செய்த தவற்றை ஆயுள் முழுதும் நினைந்து வருந்துதலே அதற்குக் கழுவாயாகுமா? இவ்வினாவை, ஜப்பானிய எழுத்தாளர் அகியுகி நோசாகா தம் இளமைத் துயரை அடிப்படையாகக் கொண்டு 1967-ஆம் ஆண்டில் எழுதிய 'மின்மினிகளின் கல்லறை' என்னும் குறுநவீனம் நம்முன் வைக்கின்றது.

1945-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் கோபே நகரின்மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. வளர்ப்புத் தந்தையை அதில் இழந்த நோசாகா, 14 வயதுச் சிறுவராய்த் தம் பச்சிளந் தங்கையைப் பேணும் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அக்குழந்தை போதிய உணவின்றி மாண்டது.

கதையில் வரும் அண்ணன் தங்கையின் உயிரைக் காக்கத் திருடவும் துணிகின்றான். அவள் இறந்தபின் அவளுடைய எலும்புகளை மிட்டாய்த் தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்தில் பசியால் மடிகின்றான். நோசாகாவோ, தங்கைக்குரிய உணவைத் தாமே உண்டதையும், அவ்வண்ணனைப்போல் தாம் அன்பு காட்டவில்லை என்பதையும் பிற்காலத்தில் ஒளியாது கூறினார். தாம் ஆகாத அண்ணனைக் கதையில் ஆக்கி, அவனையும் சாகவிட்டார்.

போர் பட்டினியில் தள்ளிய சிறுவனைக் குற்றவாளியென்று கூற நாம் துணியோம். ஆயினும் அவன் நெஞ்சே அவனைச் சுடுமாயின், தம்மம் கூறும் வழி யாது?

தீமையைத் தீமையென்று அறிந்து நாணுதல் 'ஹிரி'. அஃது உலகைக் காக்கும் நற்குணம். கழிந்ததை எண்ணி ஓயாது நெஞ்சு புழுங்குதல் 'குக்குச்சம்'. அது மனத்தை மறைக்கும் ஐந்து நீவரணங்களுள் அடங்குவது. முன்னது திருத்தும், பின்னது முடக்கும். சங்கூதுவோனை உவமையாக்கிய சூத்திரத்தில் பகவன் புத்தர் இதனைத் தெளிவாக்கினார். செய்தது தவறென்று உணர்க. வருந்துவதால் அது செய்யப்படாததாகிவிடாது என்பதையும் உணர்க. அதனை விட்டொழித்து, சங்கொலி நாற்றிசையும் பரவுதல்போல் மைத்திரியைப் பரப்புக என்பதே அவ்வுரையின் கருத்து.

இஃது எளிய தப்புவழியன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. தன்னைத் தானே வதைத்துக்கொள்பவன் தன்னையே நோக்கியிருக்கின்றான்; மைத்திரி பூண்டவன் பிறர் பசியை நோக்கவேண்டும். இறந்தவர்க்கு ஊட்டாத கவளத்தை இனி அவர்க்கு ஊட்டுதல் இயலாது. இருக்கும் குழந்தைக்கு ஊட்டுதல் இயலும். மணிமேகலையின் கை அமுதசுரபி ஏந்தியது அதற்கன்றோ? நம் கையில் அப்பாத்திரம் இல்லையெனினும், ஒருபிடி சோறு உண்டு. அதனைப் பகிர்வோமாக.