அரக்கர்க்கும் உளதோ ஒழுக்கம்?

மனிதன் தன்னை அறிந்துகொள்ளும்பொருட்டு மேற்கொண்ட வழிகளுள் ஒன்று, தன்னின் வேறான ஓரினத்தைக் கற்பித்து அதனோடு தன்னை ஒப்புநோக்குதல் ஆகும். அரக்கர், இயக்கர், நாகர் எனத் தமிழும் பாளியும் வடமொழியும் பெயரிட்டு வழங்கும் இனங்கள் இவ்வாறு எழுந்தவையே. அவ்வினங்களின் மாய ஆற்றல்களே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளன. வானிற் பறத்தல், உருமாறுதல், கண்ணுக்குப் புலனாகாது மறைதல் என்பன கேட்போர்க்கு வியப்பளிப்பவை. ஆயின் இவற்றினும் கூர்ந்து நோக்கத்தக்கது வேறொன்று உண்டு. கதை கூறுவோர் அவ்வினங்களுக்கு ஊரும் அரசும் மணவினையும் ஈமக்கடனும் வாணிக நெறியும் வழங்கியுள்ளனர். ஒழுக்கம் உடையதெனத் தாமே ஒப்புக்கொண்ட ஓரினத்தை அறத்தின் எல்லைக்கு அப்பால் நிறுத்துதல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை எழுப்புதற்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியைப்போல ஏற்ற இடம் பிறிதொன்று காண்டல் அரிது.

கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் பாறையிற் காணப்படும் பெரும் பிளவினை மக்கள் ‘இராவணன் வெட்டு’ என்பர். நோயுற்ற தன் தாய் இருந்த இடத்திலிருந்தே இறைவனை வழிபடவேண்டுமென விழைந்து, இலங்கை வேந்தன் மலையையே பெயர்க்க முற்பட்டான் என்பது கதை. முதிய அந்தணர் வடிவில் திருமால் தோன்றித் தாய் இறந்துபட்டாள் என அறிவித்ததாகவும், அவளுக்குரிய கடன்களை ஆற்ற நீர் வேண்டி அவன் ஏழிடங்களில் வாளை ஊன்ற, வெந்நீர் பொங்கியதாகவும் அக்கதை தொடர்கின்றது. நகருக்கு வடமேற்கே, அநுராதபுர வீதியை அடுத்துள்ள கன்னியாவின் ஏழு கிணறுகள் அவ்வாறு தோன்றியனவாம். வெவ்வேறு வெப்பம் உடைய அக்கிணறுகளின் அயலிலே இறந்தோர்க்குரிய அந்தியேட்டிக் கிரியைகளைச் சைவ மக்கள் ஆற்றி வந்துள்ளனர்.

இவ்வழக்கின் பொருள் எளிதிற் கடந்துவிடத்தக்கதன்று. அரக்கன் என்று பெயர் பெற்றவன் தன் தாய்க்குச் செய்த கடனே பின்வந்த மானிடர் தம் தாய்தந்தையர்க்குச் செய்யும் கடனுக்கு முன்மாதிரியாக நிற்கின்றது. வால்மீகியும் கம்பரும் காட்டும் இராவணன் பிறன்மனை நயந்து அழிந்தவன். கன்னியாவின் இராவணனோ தாயை இழந்த மகன். சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இவனை நினைவுகூர்தலை மரபாகக் கொண்டார். மலையின்கீழ் நெரிவுண்டு, பின் இசையால் அருள்பெற்றவனாகவே அங்கு அவன் காட்சியளிப்பான். ஒரே உயிரிடத்துக் கொடுமையும் கடமையுணர்வும் ஒருங்கே இருத்தல் கூடும் என்பதைப் பக்தி மரபு எளிதில் ஏற்றுக்கொண்டது. மனிதரிடத்தும் அவை அவ்வாறே ஒருங்கிருத்தலை எவரும் மறுப்பதில்லை.

தமிழிலக்கண மரபும் இவ்வெல்லையை இறுக வகுக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு வகைப்படுத்தி, மக்களை ஆறாம் அறிவுடையோராகக் கூறியபின், அக்கிளையிற் பிறந்தன வேறும் உள எனக் கதவைத் திறந்தே வைக்கின்றது. தேவர், அசுரர், இயக்கர் போன்றோரை உரை மரபு அவ்விடத்திற் கொண்டுவந்து சேர்த்தது. ‘கிளை’ என்னும் சொல் உறவையும் குறிக்கும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. மனத்தால் ஆராயும் ஆற்றல் உடைய யாவும் உறவினமே என்பது இவ்வகைப்பாட்டின் உட்கிடை எனலாம்.

இதற்கு மாறான போக்கினை மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரத்திற் காணலாம். விசயனின் தோழர் எழுநூற்றுவரையும் சிறைப்படுத்திய குவேனி, அவன் வாளுக்கு அஞ்சி உடன்படுகின்றாள். தான் முன்னர் உண்ட வணிகரின் கலங்களிலிருந்து கிடைத்த அரிசியையும் பிற பொருள்களையும் கொணர்ந்து அவர்களுக்கு உணவளிக்க வழிசெய்கின்றாள். அன்றிரவு இசையும் ஆரவாரமும் கேட்டு விசயன் வினவ, சிறிசவத்து என்னும் இயக்கர் நகரிலே திருமணம் நடைபெறுகின்றது என்கின்றாள். மணமகளைத் தாய் உடன் அழைத்து வந்திருக்கின்றாள், விழா ஏழு நாள் நிகழும், பெருங்கூட்டம் கூடியுள்ளது, இன்றே அவர்களைக் கொன்றுவிடுக, பின்னர் இயலாது என்பது அவள் உரை. கண்ணுக்குப் புலனாகாதவரை எவ்வாறு கொல்வது என்று அவன் கேட்கின்றான். தான் குரலெழுப்பும் திசையில் வெட்டுமாறு அவள் கூற, அவ்வாறே செய்து முடித்து, இயக்க அரசனின் ஆடையை விசயன் தான் உடுத்திக்கொள்கின்றான்.

கதையின் இப்பகுதியை வெறும் மாயக் கதையாகப் படித்தல் இயலாது. மணமகளை அழைத்துவரும் தாய், ஏழு நாள் விழா, கூடிய சுற்றம் ஆகிய இவற்றுள் மனிதர்க்கு அயலானது யாது? நூலாசிரியர் மகாநாமர் இவர்களைக் கொடிய விலங்குகளாகக் காட்ட விரும்பியிருப்பின் மணவிழாவைக் கூற வேண்டியதில்லை. கூறியமையாலே, கொல்லப்பட்டோர் யாவர் என்பதைப் படிப்போன் அறிந்துவிடுகின்றான். (கொன்றவனுக்கு இயக்க அரசனின் ஆடை பொருந்தியதும் கருதத்தக்கது.) ‘இயக்கர்’ என்னும் பெயர் அவர்தம் இயல்பைக் குறிப்பதாயின் கதை தன்னோடு தானே முரண்படும். அவர்பாற் கடப்பாடு ஏதும் இல்லை என்னும் தீர்மானத்தைக் குறிப்பதாயின் அம்முரண் இல்லை. பின்னர் முடிசூடற்கு உயர்குலப் பெண் வேண்டுமென மதுரையிலிருந்து மணமகளை வருவித்தபோது, மக்கள் மானிடரல்லாதார்க்கு அஞ்சுவர் என்று காரணங் கூறிக் குவேனியை அவன் போகவிடுதலும் இத்தீர்மானத்தின் பயனே. அவளுக்குக் கொடுத்த வாக்கு அவனைக் கட்டவில்லை. அவள் கொடுத்த வாக்கு மட்டும் அவளைக் கட்டியது. தன் இனத்தாரிடம் திரும்பியவள், ஒற்றறிய வந்தவளெனக் கருதப்பட்டு அவர் கையால் இறந்தாள்.

எனினும் அதே நூலின் பத்தாம் அதிகாரம் வேறொரு நெறியைக் காட்டுகின்றது. அநுராதபுரத்தை அமைத்த பண்டுகாபயன், தனக்கு உதவிய இயக்கருக்கு நகரிலே இடம் வகுத்தான். காளவேளன் நகரின் கீழ்த்திசையிலும், சித்தராசன் அபயவாவியின் தாழ்புறத்திலும் அமர்த்தப்பட்டனர். விழா நாள்களில் அரசனும் சித்தராசனும் ஒத்த உயரமுடைய இருக்கைகளில் அமர்ந்தனர் என்று நூல் கூறும். இருக்கையின் உயரம் சிறு செய்தியன்று. கீழைத்தேய அரசவைகளில் உயரமே தகுதியின் அளவுகோல். இயக்கரின் இயல்பு விசயன் காலத்துக்கும் பண்டுகாபயன் காலத்துக்கும் இடையில் மாறிவிட்டதென நூல் எங்கணும் கூறவில்லை. மாறியது அவரோடு கொண்ட உறவேயாம்.

மணிமேகலையின் சாதுவன் கதை இவ்வினாவை இவையனைத்தினும் ஆழமாக ஆராய்ந்துள்ளது எனத் துணிந்து கூறலாம். கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர்மலையை அடைந்த வணிகன் சாதுவன் மரத்தடியில் உறங்குகின்றான். ஆடையின்றித் திரியும் நாகர், உணவு கிடைத்ததென அவனை எழுப்புகின்றனர். அவன் அவர்தம் மொழியிற் பேசுகின்றான். உடனே அவனை உண்ணும் எண்ணம் நின்றுவிடுகின்றது; அவர்கள் வணங்கித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். கள் அடுகலங்களும் புலாலும் எலும்பும் சூழத் துணைவியோடு வீற்றிருந்த அத்தலைவன், விருந்தோம்பும் முறைமை அறிந்தவன். பெண்ணும் கள்ளும் ஊனும் தருக எனப் பணிக்கின்றான். சாதுவன் மறுத்ததும் சினந்து எழவில்லை, காரணம் கேட்கின்றான். உடலைவிட்டு நீங்கிய உயிர் வேறிடம் புகும் என்பது எவ்வாறு எனவும் வினவுகின்றான். மெய்யியல் வகுப்பறையில் எழுதற்குரிய இக்கேள்வியை ஊனுண்ணும் நாகன் வாயில் வைத்த சாத்தனாரின் துணிவு போற்றற்குரியது.

அதனினும் சிறந்தது சாதுவன் ஈற்றில் வழங்கும் அறம். கள்ளையும் ஊனையும் முற்றக் கைவிடல் தம்மால் இயலாது, தமக்கு ஏற்றதைக் கூறுக என்கின்றான் தலைவன். உடைகலத்தோர் உயிர்தப்பி வரின் காத்தளித்தல், மூத்து இறந்த விலங்கன்றிப் பிறவற்றைக் கொல்லாமை என்னும் இரண்டையே சாதுவன் வேண்டுகின்றான். நாகர் நாகராகவே இருக்கலாம். உருவும் உறைவிடமும் மாற வேண்டியதில்லை. சொல்லைக் கேட்டு, காரணத்தை எடைபோட்டு, ‘இவ்வாறு செய்வோம்’ என வாக்களிக்க வல்ல உயிர் எதுவோ அது அறத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது என்பதே இவ்வுரையாடலின் கருத்து. தலைவன் விடைதரும்போது, முன்னர் உண்ணப்பட்டோரின் அகிலும் ஆடையும் பிற பொருளும் சாதுவனுக்கு அளிக்கப்படுகின்றன. குவேனியின் அரிசியும் இவ்வழி வந்ததே. அப்பொருளுக்கு உரியோர் யாவர் என்னும் கேள்வியைக் காப்பியம் எழுப்பாது விட்டமை ஒரு குறையே.

ஒருவர் மொழியை மற்றவர் அறியாதவிடத்து யாது நிகழும்? இதற்கு விடை கொட்டியாரக் குடாவின் வரலாற்றில் உள்ளது. அவ்விடைக்கு ஒரு முற்குறிப்பு ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிடைக்கின்றது. இலங்கையில் ஈராண்டு தங்கிய சீனத் துறவி பாகியான், இந்நாட்டில் ஆதியில் மானிடர் இலர் எனவும், பேய்த்தேவரும் நாகருமே வாழ்ந்தனர் எனவும், பல நாட்டு வணிகர் அவரோடு வாணிகம் செய்தனர் எனவும் எழுதினார். அத்தேவர் தம் உருவைக் காட்டாது, பொருளை வைத்து அதன் விலையைக் குறித்துவிடுவர். வணிகர் அவ்விலையைக் கொடுத்துப் பொருளை எடுத்துச் செல்வர்.

1660ஆம் ஆண்டு, புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் திருகோணமலைத் துறையின் தென்பாலுள்ள கொட்டியாரத்தை அடைந்தது. கப்பல் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்சும் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைப்பட்டனர். 1679இல் தப்பிய மகன் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலிலே வேடரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அம்பு வேண்டிய வேடர் இரவில் வந்து, கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டி அருகில் வைத்துச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைப்பின் மேலும் இறைச்சி கொணர்வர். செய்யாது விடின் தீங்கு விளைப்பர். பாகியானின் உருக்காட்டாத் தேவரும் நொக்ஸின் இரவு வேடரும் ஒரே வழக்கத்தின் இரு தோற்றங்களாதல் கூடும். இடைப்பட்ட பன்னிரண்டு நூற்றாண்டுகளில் மாயை கழன்றது, ஒழுக்கம் எஞ்சியது. விலையை ஏமாற்றாமையும் வாக்கைக் காத்தலும் முகம் காணாதவிடத்தும் நிலவின.

நொக்ஸின் வாழ்வில் மற்றொரு நிகழ்ச்சியும் இவ்விடத்து நினைவுக்கு வருவது இயல்பு. சிறையிருப்பில் 1661இல் தந்தை இறந்தபோது, நோயால் மெலிந்திருந்த மகன் ஊராரிடம் உதவி வேண்டினான். உடலைக் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்ல மாடு கட்டும் கயிற்றையே அவர்கள் கொடுத்தனுப்பினர் என அவன் மனங்கசந்து எழுதியுள்ளான். ஈமக்கடன் ஆற்ற முடியாத மகனின் துயரம் கன்னியாக் கதையின் அரக்கனுக்கும் இவ்வாங்கிலேயனுக்கும் பொதுவானது. அவன் கண்ணுக்கு அவ்வூரார் அரக்கர். அவர்கள் கண்ணுக்கு அவன் கடலிலிருந்து வந்த தீண்டத்தகாத அயலான். எவர் எவரை மானிடருக்குப் புறம்பாக வைத்தனர் என்பது நின்ற பக்கத்தைப் பொறுத்ததாயிற்று.

இயக்கரும் நாகரும் உண்மையில் மனிதரே, பழங்குடிகளையே புலவர் அவ்வாறு திரித்துரைத்தனர் என இக்கால அறிஞர் பலர் விளக்குவர். அவ்விளக்கம் பெரும்பாலும் ஏற்கத்தக்கதே. ஆயின் அது வினாவை முடித்துவிடுவதில்லை, எளிதாக்கிவிடுகின்றது. ‘அவர் மனிதர், ஆதலின் கொன்றது தவறு’ என்பார், மனிதரல்லராயின் கொலை குற்றமன்று என்னும் கொள்கையைத் தம்மை அறியாமலே காத்துவைக்கின்றனர். நாளை எவரையேனும் மனிதரல்லர் என நாட்டிவிடின், அக்கொள்கை அவருக்கெதிராகப் பயன்படும். சாதுவன் நாகரை மனிதரென நிறுவ முயலவில்லை. அவர்களோடு பேசினான். இருபதாம் நூற்றாண்டிலிருந்து இராவணனையும் இயக்கரையும் தத்தம் மூதாதையராக உரிமை கொண்டாடுவோர் தமிழரிடையேயும் சிங்களரிடையேயும் தோன்றியுள்ளனர். இகழ்ச்சிப் பெயரைப் புகழ்ப் பெயராக்கும் இம்முயற்சியும் ஒழுக்கத்தைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியதே. கன்னியா வெந்நீரூற்றை அடுத்த நிலம் தொடர்பான பிணக்கு 2019இல் நீதிமன்றம் வரை சென்றது. தாய்க்கு நீர்க்கடன் ஆற்ற அக்கிணறுகளைத் தோண்டியவனுக்கு அவ்வழக்கில் இடமிருக்கவில்லை.

மூதூர், வெருகல் முதலிய இடங்களிலே கரையோர வேடர் இன்றும் தமிழ் பேசி வாழ்கின்றனர். 1911இல் வேடரைப் பற்றி விரிவான நூல் வெளியிட்ட செலிக்மன் இணையர் கிழக்குக் கரையோர வேடரைத் தனியே குறித்துள்ளனர். அயலாரோடு மணமும் வழிபாடும் கலந்துவிட்டமையால் இவர்கள் ‘தூய’ வேடர் அல்லர் என்னும் குறைகூறல் அக்காலம் முதலே கேட்கப்பட்டு வருகின்றது. காட்டில் மறைந்திருந்தபோது மனிதரோ என ஐயுறப்பட்டோர், அண்டை வீட்டாராக வந்தபின் வேடரோ என ஐயுறப்படுகின்றனர். குவேனியின் மகனும் மகளும் தாய் இறந்ததை அறிந்து சமனொளி மலைக்கு ஓடினர் எனவும், மலையநாட்டில் அரசனின் இசைவு பெற்று வாழ்ந்தனர் எனவும், புளிந்தர் அவர்வழி வந்தோர் எனவும் மகாவம்சம் கூறுகின்றது. தாய் பிறந்த நிலத்தில் வாழ்வதற்கு அவர்கள் பெறவேண்டியிருந்த இசைவு, தந்தை ஆண்ட நாட்டின் இசைவு.