பொந்தும் லென்ஸும்

காமயகவுண்டன்பட்டித் தோப்புகளில் மொட்டையாக நிற்கும் பட்ட தென்னைகளைப் பார்த்திருப்பீர்கள். மரங்கொத்தி குடைந்த பொந்தில் பிறகு மைனாவோ கிளியோ குடியேறும். கேமராக்காரருக்கு லட்டு மாதிரி வாய்ப்பு. குஞ்சு இருக்கும்வரை தாய் திரும்பி வந்தே தீரும்.

கிழக்கே மேகமலை, 2021 முதல் புலிகள் காப்பகம். அங்கே பெரிய இருவாச்சியின் பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை எச்சத்தால் பூசி அடைத்து, கீறல்போல ஓர் இடைவெளி மட்டும் விடும். ஏறக்குறைய 3 மாதம் ஆண் கொண்டுவரும் அத்திப்பழமும் பிற இரையும்தான் சாப்பாடு. மரத்தடியில் நாம் ஸ்டாண்டு போட்டு நின்றால், தொண்டை நிறையப் பழத்தோடு அது தூரத்துக் கிளையிலேயே தயங்கும். உள்ளே பட்டினி. படம் தெளிவாக விழ இலைக்கொத்தை ஒடிப்பவர்களும் உண்டு (பருந்துக்கு வழிகாட்டுகிறார்கள்!). கூட்டுப் படங்களைச் சில போட்டிகள் ஏற்க மறுப்பது சரியே.