மடை திறக்கிறவருக்கு நிலம் இல்லை

இன்னைக்கு ஒரு கேள்வி. ஊருக்கே பொதுவான ஒண்ணைப் பங்கு போடணும். அந்த வேலையை யாரை நம்பிக் கொடுப்பீங்க?

நம்ம தென் மாவட்டக் கண்மாய்கள்ல இதுக்கு ஒரு பதில் இருந்துச்சு. நீர்க்கட்டி. சில ஊர்ல நீர்பாய்ச்சின்னு சொல்லுவாங்க. மடையைத் திறக்கிறது, அடைக்கிறது, வயல் வயலா தண்ணி பாய்ச்சுறது, அடைமழை ராத்திரியில கரையைச் சுத்தி வந்து உடைப்பு இருக்கான்னு பார்க்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணி குறைஞ்ச வருஷம்தான் அவருக்குச் சோதனை. மடையை ஒட்டின வயலுக்கும் கடைமடை வயலுக்கும் அளந்து விடணும். பெரிய சம்சாரி முறைச்சாலும் முறை மாறக்கூடாது. கூலி, அறுப்பு முடிஞ்சதும் களத்துல நெல்லாக் கிடைக்கும்.

இதுவரைக்கும் கேட்க அழகாத்தான் இருக்கு. ஆனா பல ஊர்ல இந்த வேலையைச் செஞ்சது பட்டியல் சமூகக் குடும்பங்கள். தாங்க பாய்ச்சுற ஆயக்கட்டுல அவங்கள்ல பலருக்குச் சொந்தமா ஒரு வயல் கிடையாது. சொந்த வயல் இல்லாதவன்தான் ஓரவஞ்சனை பண்ணமாட்டான்னு அதுக்கு ஒரு நியாயமும் உண்டு.

எனக்கு உறுத்துறது இந்த இடம்தான். ஒருத்தர்கிட்ட நேர்மையை எதிர்பார்க்க, அவர் கையில ஒண்ணுமே இல்லாம இருக்கணுமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாமெல்லாம் பெருமையா ஃபார்வர்டு பண்றோம். முதலாம் பராந்தக சோழன் காலம், குடவோலை, ஏரி வாரியத்துக்கு 6 பேர். பெருமைதான், மறுக்கலை. வாரியத்துக்கு வரணும்னா வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும்னு அதே கல்வெட்டு சொல்லுது (வேதம் படிச்சவங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு). காலமும் ஊரும் வேற. ஆனா ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஒண்ணு புரியுது. முடிவெடுக்க நிலம் வேணும், மண்வெட்டி பிடிக்க வேண்டாம்.

வேற வழியே இல்லையா? இருக்கு. ஸ்பெயின்ல வலென்சியான்னு ஒரு ஊர். அங்க 8 வாய்க்கால் விவசாயிகள் தங்களுக்குள்ளேயே ஆள் தேர்ந்தெடுத்து, வியாழக்கிழமை மத்தியானம் தேவாலய வாசல்ல உட்கார்ந்து தண்ணித் தகராறைத் தீர்க்கிறாங்க. பல நூற்றாண்டுப் பழக்கம். 2009-ல பொருளாதார நோபல் வாங்கின எலினோர் ஆஸ்ட்ரம் தன் புத்தகத்துல இந்த ஊர்ப் பாசனத்தைப் பத்தி எழுதியிருக்காங்க. தீர்ப்பு சொல்றவங்க எல்லாரும் விவசாயிகள், அவங்களுக்கும் தண்ணி வேணும். ஆனா யார் மேல புகாரோ அவரோட வாய்க்கால் பிரதிநிதி அந்தத் தீர்ப்புல கலந்துக்க மாட்டார். நடுநிலைமைக்கு ஒரு விதி போதுமா இருந்துச்சு. யாரையும் நிலமில்லாம வெச்சிருக்கத் தேவைப்படலை.

நீர்க்கட்டி வீட்டுப் பிள்ளைங்க இப்போ அந்த வேலைக்கு வர்றதில்லைன்னு சிலர் அங்கலாய்க்கிறாங்க. ஏன் வரணும்?

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ மடைக்கருப்பைக் கும்பிட்டுட்டு, இந்த மடையை யாரு திறந்தாங்கன்னு பெரியவங்ககிட்ட கேளுங்க. கண்மாய் மீன் ஏலப் பணத்தைப் பத்தி ஊர்க்கூட்டத்துல பேசுறப்போ அவங்க பேரப்பிள்ளைங்க எங்க உட்கார்றாங்கன்னும் கேளுங்க.