வாயிலைக் காப்பவர் யார்?

தாம் விரும்பும் ஒருவரை மக்கள் தமக்குத் தலைவராகத் தேர்ந்தெடுப்பதே தேர்தல் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த பொருள். ஆனால், அவ்விருப்பத்திற்குரியவரின் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெறவே இல்லையென்றால், அத்தேர்தலை என்னென்பது? அமெரிக்க அதிபர் தேர்தல் இவ்வினாவை நூறாண்டுகளுக்கு மேலாக எழுப்பிக்கொண்டே வருகிறது.

அந்நாட்டில் நடைபெறுவது ஒரு தேர்தலன்று; 51 தேர்தல்கள் என்பதே பொருந்தும். மக்கள் வாக்களிப்பது, சட்டப்படி, அதிபரை அமர்த்தும் தேர்வாளர் குழுவுக்கே. அத்தேர்வாளரை எம்முறையில் அமர்த்துவது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்யும் என்று அரசமைப்புச் சட்டம் விதிக்கிறது. ஆகவே 50 மாநிலங்களும் தலைநகர் வட்டாரமும் தத்தமக்கெனத் தனி விதிகளை வைத்துள்ளன. குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் இவ்விதிகளால் பெருந்துன்பமில்லை. முந்தைய தேர்தலில் பெற்ற வாக்குகளே அவற்றுக்கு நுழைவுச் சீட்டு. சுயேச்சையாகவோ சிறு கட்சியின் சார்பிலோ நிற்பவர்தாம் பெரும்பாலும் மாநிலந்தோறும் வாக்காளரின் கையொப்பம் திரட்டி, தேர்வாளர் பட்டியலையும் அமைத்து, குறித்த நாளுக்குள் ஒப்படைக்க வேண்டியவராகிறார்.

2024ஆம் ஆண்டில் சுயேச்சை வேட்பாளரிடம் டென்னசி கேட்டவை 275 கையொப்பங்கள். டெக்சஸ் கேட்டவை 113,151. கலிபோர்னியா கேட்டவை 219,403. மாநிலங்களின் அளவு வேறு என்பர். டென்னசியும் ஏறத்தாழ எழுபது இலட்சம் மக்கள் வாழும் மாநிலமே, குக்கிராமம் அன்று! டெக்சஸில் மற்றுமொரு தடையும் உண்டு: அவ்வாண்டில் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வாக்களித்தவர் சுயேச்சைக்குக் கையொப்பமிடலாகாது. பொதுவாழ்வில் அக்கறை மிகுந்து முதலிலேயே வாக்களித்துவிட்டவர், அந்த அக்கறையின் பொருட்டே விலக்கப்படுகிறார்.

வாக்குச்சீட்டை அரசு அச்சிடும் வழக்கம் அந்நாட்டில் தொடக்கம் முதல் இருந்ததன்று. 1880களின் இறுதிவரை கட்சிகளே சீட்டுகளை அச்சிட்டு வழங்கின. சீட்டின் நிறமே ஒருவர் எவருக்கு வாக்களிக்கிறார் என்பதைக் காட்டிக் கொடுத்தது. கூலி கொடுப்பதும் மிரட்டுவதும் எளிதாயின. 1856இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய மறைவாக்கு முறையை 1888இல் மசாசூசெட்ஸ் ஏற்றது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. வாக்காளரின் அச்சம் நீங்கியது. இது பெரும்பேறே. ஆயினும், சீட்டை அச்சிடும் பொறுப்போடு, அதில் எவர் பெயரை அச்சிடுவது என்னும் அதிகாரமும் அரசின் கைக்குச் சென்றது. அரசு என்பது யார்? சட்டமன்றத்தில் அமர்ந்திருக்கும் இரு கட்சியினர்தாமே! பந்தயத்தில் ஓடுவோரே பந்தயத்திற்கு ஆள் சேர்க்கும் நடுவராகவும் ஆயினர்.

இதன் விளைவு 1968இல் ஒகாயோவில் வெளிப்பட்டது. புதிய கட்சி ஒன்று, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் நூற்றுக்குப் பதினைந்து அளவு, அதாவது 433,100 கையொப்பங்களைப் பிப்ரவரித் தொடக்கத்திற்குள் தர வேண்டுமென்றது அம்மாநிலச் சட்டம். தேர்தலோ நவம்பரில்! அச்சட்டத்தை எதிர்த்தோருள் முதன்மையானது ஜார்ஜ் வாலசின் கட்சி. கறுப்பின மக்களை ஒதுக்கி வைக்கும் கொள்கைக்குப் பெயர்போனவர் வாலஸ். அறவுணர்வுடையோர் அவர் வெற்றியை விரும்பியிருக்க இயலாது. எனினும் உச்சநீதிமன்றம் அவர் பெயரை அச்சிடப் பணித்தது. ஒத்த கருத்துடையோர் கூடிச் செயற்படும் உரிமையும், வாக்காளர் தம் வாக்கைப் பயன்பெற அளிக்கும் உரிமையும் நசுக்கப்படுகின்றன என்றது. ஒவ்வாத கருத்துடையவருக்கும் வாயில் திறந்தால்தான் அது வாயில். அதே வழக்கில் தொடர்புடைய பழைமையான சோசலிசத் தொழிற்கட்சி, காலந்தாழ்த்தி வேண்டியமையால், அவ்வாண்டுச் சீட்டில் அச்சிடப்படவில்லை.

ஓரளவேனும் ஆதரவைக் காட்டுமாறு மாநிலம் கேட்கலாம் என்று அந்நீதிமன்றமே 1971இல் ஜார்ஜியா வழக்கில் கூறியது. கேட்பது தவறன்று. எதனை அளக்கிறோம் என்பதே வினா. ஆதரவு கேட்கும் முன்பே ஆதரவைக் காட்டு என்பது, நீந்தக் கற்றபின் நீரில் இறங்கு என்பதை ஒக்கும். மேலும், கையொப்பம் மக்களின் அன்பை மட்டும் அளப்பதில்லை. ஆள்பலத்தையும் பணத்தையும் வழக்கறிஞர் திறத்தையும் சேர்த்தே அளக்கிறது. 1976இல் சுயேச்சையாக நின்ற முன்னாள் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி மாநிலம் மாநிலமாக வழக்காடினார். அதிபர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்க டெக்சஸ் சட்டத்தில் வழியே இல்லாதிருந்தது. இறுதியில் 29 மாநிலங்களில் அவர் பெயர் இடம்பெற்றது. 1992இல் பெருஞ்செல்வர் ரோஸ் பெரோ, தொண்டர் படையும் தம் செல்வமும் துணையாக 50 மாநிலங்களிலும் இடம்பெற்றார்; நூற்றுக்கு ஏறத்தாழ 19 வாக்குகளும் பெற்றார். மெக்கார்த்தியின் கருத்து பெரோவின் கருத்தினும் எளியது என்று எவர் கூற வல்லார்?

மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். விதிகளைத் தளர்த்திய புளோரிடாவில் 2000ஆம் ஆண்டுச் சீட்டில் பத்து அதிபர் வேட்பாளர்கள் நின்றனர். பாம் பீச் வட்டாரத்தில் அப்பெயர்களை இருபுறமும் பரப்பி அச்சிட்டமையால் வாக்காளர் பலர் குழம்பினர். மாநிலத்தின் முடிவோ 537 வாக்குகளில் தொங்கியது. பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் பெற்றவை 97,488. நேடர் வாக்குகளைப் பிரித்தார் என்று தோற்ற தரப்பினர் சினந்தனர். 2004இல் பல மாநிலங்களில் அவர் பெயரை நீக்க வழக்குகள் எழுந்தன. பென்சில்வேனியாவில் கையொப்பங்கள் தள்ளுபடியானதோடு, 80,000 டாலருக்கு மேற்பட்ட செலவும் அவர் அணியின்மீது சுமத்தப்பட்டது. போலிக் கையொப்பத்தை எவரும் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் 'எங்கள் வாக்கைப் பிரித்தார்' என்னும் முறையீட்டில் ஒரு பிழை உண்டு: வாக்கு எக்கட்சியின் உடைமையுமன்று. பாம் பீச்சின் குழப்பத்திற்குத் தேவைப்பட்டது செம்மையான அச்சு, ஆட்குறைப்பன்று.

அச்சில் இல்லாத பெயரைக் கையால் எழுதலாமே என்பார் உளர். பல மாநிலங்களில் எழுதலாம்; ஹவாயில் அதற்கும் இடமில்லை. அங்குள்ள வாக்காளர் ஒருவர் தாம் விரும்பிய பெயரை எழுதும் உரிமை வேண்டி வழக்குத் தொடுத்தார். 1992இல் உச்சநீதிமன்றம் அத்தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகள் அதற்கு உடன்படவில்லை.