சாட்சி வேறு, கூட்டம் வேறு

2008இல் பிரான்சின் கான் நகரில் உலகக் கேரம் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். இரண்டையும் நாடு டிவி முன் உட்கார்ந்து பார்க்கவில்லை. முடிந்தபின் செய்தியாகத்தான் அறிந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தொலைக்காட்சிக் கேமரா மைதானத்துக்குள் வந்தது; 1964 டோக்கியோ ஒலிம்பிக் செயற்கைக்கோள் வழியே கடல் தாண்டியது; 1982 தில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி இந்தியத் திரைக்கு வண்ணம் வந்தது. அதிலிருந்து, திரையில் வருவது விளையாட்டு, வராதது தெருமுனைப் பொழுதுபோக்கு என்று தரம் பிரிக்கப் பழகிவிட்டோம். கூட்டம் பார்க்காத வெற்றிக்கு மதிப்புக் குறைவா?

திருவொற்றியூர்க் கதை ஒன்று இங்கே உதவும். சேக்கிழார் சொல்வது அது. சங்கிலியாரை மணக்க, அவரைப் பிரியமாட்டேன் என்று சிவபக்தர் சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் தம்மைக் கட்டாதிருக்க, அந்த நேரம் கருவறையை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி அவர் இறைவனையே கேட்டுக்கொள்கிறார். (காதல் வந்தால் பக்தரும் வக்கீலாகிவிடுகிறார்.) இறைவனோ, மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி பெண் தரப்புக்குச் சொல்லிவிடுகிறார். வாக்கை மீறி ஊர் எல்லை தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போகிறது. தம்பிரான் தோழர் என்ற உறவும் காக்கவில்லை. அந்தச் சத்தியத்துக்கு வலு தந்தது கூடியிருந்தவர்களின் எண்ணிக்கையா? ஏமாற்ற முடியாத ஒரே ஒரு சாட்சி போதுமாயிருந்தது. கேரம் பலகை அருகே உட்காரும் நடுவரும் அப்படித்தான். ஸ்ட்ரைக்கர் இரு கோடுகளையும் தொட்டு நின்றதா, காய் குழியில் விழுந்ததா என்று அவர் பார்த்துவிட்டால் வெற்றி முழுமை. கோடிப் பேர் பார்த்தாலும் அதில் ஒரு புள்ளி கூடாது. கிரிக்கெட் உலகக் கோப்பையில் 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் கபில்தேவ் எடுத்த 175 ரன்னுக்கு ஒளிப்பதிவே கிடையாது. அதில் ஒரு ரன்னைக்கூட யாரும் கழிக்கவில்லை.

அந்த 175 நினைவில் நிற்பதே, ஒரு வாரம் கழித்து லார்ட்ஸில் கோப்பை வாங்கியதை டிவி காட்டியதால்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் நினைவு எப்படிப் பரவியது என்பதற்குத்தான் அது விடை. அந்த ஆட்டம் பரவுமுன்பே பெரிய ஆட்டம்தான். இதைவிடக் கடுமையான மறுப்பு உண்டு: ஒளிபரப்பு இல்லையென்றால் விளம்பரதாரர் வரமாட்டார், அவர் வராவிட்டால் பயணச் செலவுக்கும் வழியில்லை, பலனை எதிர்பாராதே என்பது வயிறு நிறைந்தவர் பேச்சு. இதை நான் மறுக்கமாட்டேன். பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வது செயலைச் செய்பவருக்கு. கொடுக்க வேண்டியவர் அதை எடுத்துப் பேசினால் அதற்குப் பெயர் தட்டிக்கழிப்பு. வெற்றி கேமரா இல்லாமலே முழுமையானது என்றால், அதற்கு நாம் படும் கடனும் கேமராவுக்காகக் காத்திருக்க முடியாது. காசிமாவுக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது நல்ல காரியம். பட்டம் வந்தபின் கொடுப்பது எளிது. வடசென்னைக் கேரம் மன்றங்களுக்குப் பலகையும் பவுடரும், வெளியூர்ப் போட்டிக்குப் போக ரயில் டிக்கெட்டும் பட்டத்துக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.