தகுதி யாருக்கு?

உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி மேடையில் பேசாத தலைவர் குறைவு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் பேசினார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட விதிகள் அவை. வாரிய உறுப்பினராக வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச்சபை. பெண்ணுக்கும் உழுதவருக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இதை விழுங்கிவிட்டு மக்களாட்சியின் தொட்டில் என்று மார்தட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் ஒரு விதியை விட மனம் வரவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினரும் வர முடியாது. பெரியம்மா, சித்தி பிள்ளைகள், அத்தை மகன், சகோதரியின் கணவன், மருமகன் என்று பட்டியல் நீள்கிறது. (அந்தப் பட்டியலில் பெண்கள், ஆணையும் ஆணையும் இணைக்கும் கோடாக மட்டும் வருகிறார்கள்.) மாமனார் செய்ததற்கு மருமகனைத் தடுப்பது நியாயமா என்று கேட்கலாம். பொதுப்பணம் ஒரு மனிதரோடு நிற்காது, குடும்பத்துக்குள் போய்விடும் என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது. இன்று இதை அமல்படுத்தினால் எல்லாக் கட்சியிலும் நாற்காலிகள் காலியாகும்.

2023 செப்டம்பர் 15 அன்று இதே மாவட்டத்தில், காஞ்சிபுரத்தில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பெண்ணின் கூலியில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்றது அரசு. 'உதவி' என்னாமல் 'உரிமை' என்றது எனக்குப் பிடித்திருந்தது. விதிகளோ வேறு மாதிரி பேசின: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். மீட்டர் கூடுதலாக ஓடிய வீட்டில் பெண் பாத்திரம் கழுவுவதில்லையா? ஏழைக்கு முதலில் போகட்டும் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அது ஏழைக்குத் தரும் உதவி. உழைப்புக்கான உரிமை என்ற சொல்லை ஏன் இழுக்க வேண்டும்?

இலவசம் நாட்டைக் கெடுக்கிறது என்று புலம்புகிறவர்களோடு நான் இல்லை. திருப்பெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு அரசு தந்தால் அதற்கு ஊக்கச் சலுகை என்று பெயர். பெண்ணுக்குத் தந்தால்தான் இலவசம். என் சந்தேகம் வேறு. கல்வெட்டு, செலவழிக்கிறவரின் தகுதியைச் சோதித்தது. நாம் வாங்குகிறவளின் தகுதியைச் சோதிக்கிறோம். அவளுடைய ஆதார், ரேஷன் அட்டை, மின் இணைப்பு எண், வங்கிக் கணக்கு எல்லாம் அரசின் கையில். அரசின் கணக்கு அவள் கைக்கு எப்போது வரும்?

இப்பக்கத்துக் கிராம சபை ஒன்றில் ஏரிக்கரை வேலைக்கு எவ்வளவு செலவானது என்று ஒரு பெண் கேட்டாள். ஊராட்சித் தலைவரும் பெண்தான். பதில் சொன்னது அவருடைய கணவர். "அதான் மாசாமாசம் ஆயிரம் வருதுல்ல, உனக்கென்னம்மா கொறை?"

"அது நான் செய்யிற வேலைக்கு வருது. நான் கேட்டது ஏரியப் பத்தி."

சிலர் சிரித்தார்கள். அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள். அவள் கேள்வி பதிவேட்டில் ஏறவில்லை. வருகைக்கான கையெழுத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.