விழுந்தவனும் வீட்டாரும்

குடி கெடுதி என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க இனி ஒருவரும் வேண்டுவதில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தனர். ஆகவே, குடியாதே என்னும் உபதேசம் நமக்குப் புதிதன்று. நாம் இங்கு ஆராயப் புகுவது வேறொரு கேள்வி. குடித்துக் கெட்டவன் ஒருநாள் மீள விரும்பினால், அவன் வீட்டார் அவனுக்குச் செய்யவேண்டிய கடமை யாது? அக்கடமைக்கு எல்லையும் உண்டா?

ஒரு சாரார் கூறுவர்: “அவனே தேடிக்கொண்ட வினை, அவனே அனுபவிக்கட்டும்.” மற்றொரு சாரார் கூறுவர்: “அது நோய், நோயாளியைக் குறை கூறலாகாது.” இரண்டிலும் பாதி உண்மையே உண்டு.

முதற் கிண்ணத்தை அவன் தன் கையாலேயே எடுத்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்கிண்ணத்தை அவன் கைக்கு எட்டும்படி வைத்தவர் யார்? தோட்டத்திற்குள்ளேயே கள்ளுக்கடையை நடத்தி, கொடுத்த கூலியை மாலையில் திரும்ப வாங்கிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. மக்கள் நகர்ப்புற அடுக்குவீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். மலிவான சம்சு அங்கும் பின்தொடர்ந்தது. ஆதலின் விழுந்த குற்றம் அவன் ஒருவனுடையது மட்டுமன்று.

மேலும், நாள்தோறும் குடிப்பவனின் மூளை மதுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளுகிறது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். ஓரிரு நாளுள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தோன்றிச் சித்தம் கலங்கலாம். உயிருக்கே அபாயம் நேர்வதும் உண்டு. இத்தகையவனை அறையிற் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது அறியாமை. அவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.

கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் வாங்கினால் போதும் என்று நம்புவோர் இன்றும் இருக்கின்றனர். சம்பள நாள் வருகிறது; பழைய கூட்டாளிகள் அழைக்கின்றனர்; சத்தியம் முறிகிறது. முறிந்ததும், “இனி நான் எதற்கும் உதவாதவன்” என்னும் வெட்கம் அவனைப் பற்றுகிறது. அவ்வெட்கத்தை மறக்கவே மேலும் குடிக்கிறான். மீளத் தொடங்கியவருள் முதலாண்டிற்குள்ளேயே சறுக்குவோர் பலர். சறுக்கினவன் பொய்யன் என்று முடிவு கட்டுதல் தவறு. நடை பழகும் குழந்தை விழுந்தால், நடை வராது என்றா நாம் சொல்லுகிறோம்?

அங்ஙனமாயின் வீட்டார் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? இங்கேதான் நம் கேள்வியின் முடிச்சு இருக்கிறது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவன் இரவெல்லாம் குடித்துவிட்டு எழ மாட்டாமற் கிடக்கிறான். மனைவி மண்டோரிடம் ஓடி, “அவருக்குக் காய்ச்சல் ஐயா” என்கிறாள். கடைக்காரனுக்கு அவன் வைத்த கடனைத் தன் காதுத் தோட்டை அடகு வைத்துத் தீர்க்கிறாள். “அப்பா களைப்பாய் இருக்கிறார்” என்று பிள்ளைகளிடம் கூறுகிறாள். இவையெல்லாம் அன்பினாற் செய்பவை, அதில் ஐயமில்லை. ஆயினும் பயன் என்ன? குடியின் விலையை அவன் கொடுக்கவில்லை, அவள் கொடுக்கிறாள். விலை தெரியாதவன் ஏன் நிறுத்துவான்?

ஆகவே மனிதனை மன்னிப்பது வேறு. குடிக்குத் துணைபோவது வேறு. வைத்தியசாலைக்கு அவனுடன் போகலாம். கடைக்கடனை அடைக்க வேண்டுவதில்லை. திரும்பி வந்தவனுக்குச் சோறிடலாம்; அவனுக்காகப் பொய் சொல்ல வேண்டுவதில்லை. அடியும் உதையும் தாங்குவது கற்பின் இலக்கணம் என்று எவரேனும் கூறினால், அதனை நாம் ஏற்கமாட்டோம். பிள்ளைகளோடு பிறந்தகம் சென்று பிழைத்திருப்பவளும் தன் கடமையில் தவறினவள் அல்லள்.

இவ்வுண்மையை உலகம் மெல்லத்தான் கற்றுக்கொண்டது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியில் அழுந்திய தரகர் ஒருவரும் வைத்தியர் ஒருவரும் சந்தித்து, ஒருவருக்கொருவர் துணையாய் நின்று மீண்டனர். குடிநோயர் தமக்குள் துணைநிற்கும் பெருஞ் சங்கம் அதிலிருந்தே தோன்றியது. 1951இலோ, குடித்தவர்களின் வீட்டாருக்கென்றே தனிச் சங்கம் ஒன்று எழுந்தது. குடிநோய் வீட்டாரையும் வாட்டுகிறது என்பதை அது ஒப்புக்கொண்டது. சென்னையில், குடியினால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே குடித்தவனுக்கு மட்டுமன்றி அவன் குடும்பத்தாருக்கும் தெளிவு புகட்டுகின்றனர். தம் துயரத்தைப் பிறர்க்கு வழியாக்கிய அவ்வம்மையாரைப் போற்றுகிறோம்.

சமூகமாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. குடியை விட்டு ஆறு மாதமானவனைக் கல்யாண வீட்டில், “ஒரு கிளாஸ்தானே, ஆண்பிள்ளை அல்லவா?” என்று வற்புறுத்துவோர் நம்மவரே. மறுத்தால் நகைப்போரும் நம்மவரே. மறுநாள் அவன் தெருவில் விழுந்து கிடந்தால், “குடிகாரன்” என்று காறி உமிழ்வோரும் நம்மவரே. இம்மூன்றையும் நாம் விட்டொழித்தாலே அவன் சுமையிற் பாதி குறையும்.

நாம் கொண்ட முடிபு இது: விழுந்ததற்குப் பலர் பொறுப்பு, எழுவதற்கு அவனே பொறுப்பு. அவனுக்காக வேறொருவர் எழ முடியாது. ஆனால் எழ முயல்பவன் பற்றிக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கை அவனோடு பள்ளத்தில் விழும் கையாக இராமல், கரையில் ஊன்றி நிற்கும் கையாக இருக்கட்டும். இன்று மாலை குடியாமல் வீடு திரும்பும் ஒருவனை உங்கள் தெருவில் கண்டால், நேற்றைக் கதையைக் கேளாதீர்கள். “வாருங்கள் அண்ணே, தேநீர் அருந்துவோம்” என்று அழையுங்கள்.